தெஹிவளையில் ஓடாத குதிரைகள்
வேகக் காரை விற்றுச் சிறிய கார் வாங்குவது வியாபாரிக்கு இலாபமா?

வியாபாரம் கொஞ்சம் கை கொடுத்தவுடன் எம்மில் பலர் முதலில் மாற்றுவது வாகனத்தைத்தான். கடையின் அலுமாரி பழையதாகவே இருக்கும், களஞ்சியத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும், ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் கார் மட்டும் புதுப் பொலிவோடு இருக்கும். அதிலும் இளம் வியாபாரிகள் சிலருக்குச் சாதாரணக் கார் போதாது. சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் போன்ற பெரும் வலுவுள்ள ஓட்டக் கார்கள் மீது அவர்களுக்கு ஒரு தனி மோகம். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. நல்ல இயந்திரத்தை ரசிப்பதும் ஒரு ரசனைதான்.

ஆனால் அந்தக் காரைத் தினமும் தெஹிவளையிலிருந்து புறக்கோட்டைக்கு ஓட்டிச் செல்பவர் சில காலத்துக்குப் பின் ஒரு கேள்வியோடு நிற்கிறார். இதை விற்றுவிட்டு, ஓட்டுவதற்கும் சுவையாக இருக்கும், செலவும் குறைவாக இருக்கும் ஒரு சிறிய காருக்கு மாறினால் என்ன? அப்படிப்பட்ட கார்களை ‘ஹொட் ஹட்ச்’ என்று அழைக்கிறார்கள். இந்த மாற்றம் உண்மையில் பணத்தை மிச்சப்படுத்துமா, எப்போது மிச்சப்படுத்தும், எப்போது மிச்சப்படுத்தாது என்பதை இவ்வாரம் ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்ப்போம்.

ஹொட் ஹட்ச் என்றால் என்ன?

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய குடும்பக் காரைத்தான் ஹட்ச்பெக் என்கிறோம். டொயோட்டா விட்ஸ், ஹொண்டா பிட், சுசூகி ஸ்விப்ட் எல்லாம் இந்த வகையே. அதே உடம்பில் வலுக் கூடிய எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக் ஆகியவற்றைப் பொருத்தினால் அது ஹொட் ஹட்ச் ஆகிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் அது சந்தைக்குப் போகும் கார். உள்ளே ஓட்டக் காரின் குணம் கொஞ்சம் இருக்கும்.

இந்த வகையை உலகறியச் செய்தது வொக்ஸ்வேகன் நிறுவனத்தின் கோல்ப் ஜி.ரி.ஐ. 1975இல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1976இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லீற்றர் எஞ்சின், 110 குதிரை வலு, எடை 810 கிலோ அளவு. முதலில் 5,000 கார்கள் மட்டுமே செய்வதாக நிறுவனம் திட்டமிட்டது. கடைசியில் அந்த முதல் தலைமுறை மட்டுமே நான்கரை இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. ஒரே கார் காலையில் வேலைக்கும் விடுமுறையில் மலைப்பாதைக்கும் போதுமானதாக இருந்தது. இரண்டு கார் வைத்திருக்க வசதியில்லாதவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எமது சந்தைக்கு நெருக்கமான உதாரணம் சுசூகி ஸ்விப்ட் ஸ்போர்ட். 2017 செப்டெம்பரில் ஜப்பானில் வெளிவந்த தலைமுறைக்கு 1.4 லீற்றர் டர்போ எஞ்சின், 140 குதிரை வலு. கியரைக் கையால் மாற்றும் வகையின் எடை 970 கிலோதான். ஒரு தொன்னுக்கு எத்தனை குதிரை என்று கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 144 வருகிறது. அந்தப் பழைய கோல்ப் ஜி.ரி.ஐ.யை இதே முறையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 136. ஆக, நாற்பது வருட இடைவெளியிலும் சூத்திரம் மாறவில்லை. வலுவை அளவுக்கு மீறிக் கூட்டாமல் எடையைக் குறைத்து வைத்திருப்பதுதான் அந்தச் சூத்திரம்.

காலி வீதியில் எத்தனை குதிரை வேண்டும்?

இம்ப்ரெசாவின் எஸ்.ரி.ஐ. வகையும் எவலூஷனும் 280 குதிரை வலுவைச் சுற்றியும் அதற்கு மேலும் உள்ளவை. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகும். எடை 1,400 கிலோவைத் தாண்டும். மலைப்பாதைப் பந்தயத்துக்கும் சேற்றுப் பாதை ரலிக்கும் இந்த அமைப்பு மிகப் பொருத்தம். ஆனால் தெஹிவளைச் சந்தியிலிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் கோட்டை வரை போகும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரில் அதற்கு என்ன வேலை? நகர்ப்புற வீதிகளில் காருக்குரிய வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அதிவேகப் பாதையில்கூட 100தான். காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் அந்த ஐம்பதே கனவுதான்.

நெரிசலில் பெரிய கார் ஏன் எரிபொருளைக் குடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. நின்ற காரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அதன் முழு எடைக்கும் சக்தி கொடுக்க வேண்டும். அடுத்த சமிக்ஞை விளக்கில் பிரேக்கை மிதிக்கும்போது அந்தச் சக்தி முழுவதும் சூடாகப் போய்விடுகிறது. 1,430 கிலோ கார் ஒன்று, 970 கிலோ கார் இழப்பதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழக்கிறது. இதற்கு மேல், பெரிய பெற்றோல் எஞ்சின் தன் வலுவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து ஊர்ந்து செல்லும்போது மிகவும் திறமை குறைந்து இயங்குகிறது. நான்கு சக்கர இழுவையின் உராய்வு வேறு. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதே நிலைதான்.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு கார் ஓட்டுவதற்குச் சுறுசுறுப்பாக இருக்கிறதா என்பதை அதன் உச்ச வலு மட்டும் தீர்மானிப்பதில்லை. 1997இல் வந்த ஹொண்டா சிவிக் டைப் ஆர் கார் 185 குதிரை வலு கொண்டது. ஆனால் அந்த வலு முழுதாக வெளிப்பட, எஞ்சின் நிமிடத்துக்கு 8,200 சுழற்சிக்குப் போக வேண்டும். பந்தயத் திடலில் அது இன்பம், தெஹிவளைச் சந்தியில் அதற்கு இடமில்லை. சிறிய டர்போ எஞ்சின் வேறு மாதிரி. புகைப்போக்கியால் வெளியேறும் வாயுவைக் கொண்டு ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவதே டர்போவின் வேலை. இதனால் ஸ்விப்ட் ஸ்போர்ட்டின் இழுவிசை 2,500 சுழற்சியிலேயே உச்சத்தைத் தொடுகிறது. அதாவது, நாம் நாளாந்தம் ஓட்டும் வேகத்திலேயே அதன் பலன் கைக்குக் கிடைக்கிறது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஓடுபவருக்குப் பெரிய காரை விடச் சிறிய கார் இனிமையாகத் தோன்றுவதன் இரகசியம் இதுதான்.

2022 நடத்திய பரீட்சை

இந்தக் கணக்கையெல்லாம் எமது நாட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்து காட்டியது 2022ஆம் ஆண்டு. 2021 டிசெம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபா, 95 ஒக்டேன் 207 ரூபா. 2022 ஜூன் மாத இறுதியில் அவை முறையே 470 ரூபாவும் 550 ரூபாவும் ஆயின. விலை ஏறியது ஒரு பக்கம் இருக்க, பணம் இருந்தும் பெற்றோல் இல்லை என்ற நிலை வந்தது. ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை கியூ.ஆர். முறையில் வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று பங்கு நிர்ணயிக்கப்பட்டது. அந்த முறை 2023 செப்டெம்பர் வரை நீடித்தது.

அந்த 20 லீற்றரை இரு கார்களில் ஊற்றிப் பார்ப்போம். நகர நெரிசலில் லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் காருக்கு அது 120 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 240 கிலோமீற்றர். தெஹிவளையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய் வர நாளொன்றுக்கு 24 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஆறு நாட்களுக்கு 144 கிலோமீற்றர். பெரிய கார் ஐந்தாம் நாள் மாலையோடு வீட்டில் படுத்துவிடும். சிறிய கார் வாரம் முழுதும் கடைக்குப் போய் வந்த பின்னும் 96 கிலோமீற்றருக்குப் பெற்றோல் வைத்திருக்கும். பிள்ளைகளின் பாடசாலை, வைத்தியசாலை, ஊரில் ஒரு ஜனாஸா என்று எதற்கும் அது உதவும். வரிசையில் நின்ற அந்த மாதங்களில் வாசலில் எத்தனை குதிரை நிற்கிறது என்று யாரும் எண்ணவில்லை. தொட்டியில் எத்தனை லீற்றர் இருக்கிறது என்றுதான் எண்ணினார்கள்.

இத்தகைய காலம் மறுபடியும் வராது என்று உறுதி சொல்ல எவராலும் முடியாது. எரிபொருளை முழுக்க வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டில், வாகனத்தின் சிக்கனம் வெறும் பணப் பிரச்சினை அல்ல. கடை திறப்பதா இல்லையா என்பதே சில வேளை அதில் தங்கியிருக்கும்.

வரி எதைப் பார்க்கிறது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். அந்தக் காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை வருடா வருடம் ஏறியது. ஐந்து வருடம் ஓட்டிய காரை வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்கள் பலர். அதனால் ‘காரில் போட்ட பணம் தங்கத்தில் போட்ட பணம் போல’ என்ற எண்ணம் வியாபாரிகளிடையே வேரூன்றிவிட்டது.

இது அபாயமான எண்ணம். கார் தேயும் பொருள். அதன் விலை ஏறியதற்குக் காரணம் காரின் தரமல்ல, கப்பல் வராததுதான். கப்பல் வரத் தொடங்கியதும், வரி வீதம் மாறியதும், நாணய மாற்று விகிதம் அசைந்ததும் விலையும் அசையும். ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரவோடிரவாகச் சில இலட்சங்கள் ஏறலாம், இறங்கலாம். எமது கையில் இல்லாத ஒன்றை நம்பித் தொழிலின் முதலை வாசலில் நிறுத்தி வைப்பது வியாபாரம் அல்ல.

இங்கே வரியின் அமைப்பையும் தெரிந்துகொள்வது நல்லது. இறக்குமதிக் காரின் விலையில் சுங்க வரி, உற்பத்தி வரி, குறித்த பெறுமதிக்கு மேற்பட்டால் சொகுசு வரி, அதன் மேல் 18 வீத வற் வரி என்று பல அடுக்குகள் உண்டு. இவற்றில் பெற்றோல் கார்களுக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவை வைத்துக் கணிக்கப்படுகிறது. எஞ்சின் பெரிதானால் பெருக்க வேண்டிய கன சென்ரிமீற்றர் கூடும். அதோடு, ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்குமான ரூபா வீதமும் படிப்படியாக உயரும். இரண்டு பக்கமும் ஏறுவதால் 2,000 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் வரி, 1,000 எஞ்சினின் வரியைப்போல இரண்டு மடங்கு அல்ல, அதைவிட மிகக் கூடுதலாக வரும்.

வரி கொள்ளளவைத்தான் பார்க்கிறது, குதிரை வலுவைப் பார்ப்பதில்லை. எனவே சிறிய கொள்ளளவில் டர்போ மூலம் வலுவை எடுக்கும் கார் இந்த அமைப்பில் அனுகூலம் பெறுகிறது. 2010களின் பின்பாதியில் ஒரு லீற்றர் டர்போ எஞ்சின் கொண்ட ஹொண்டா சிவிக் போன்ற கார்கள் கொழும்பு வீதிகளில் பெருகியதற்கு இதுவே காரணம். ஆயிரம் கன சென்ரிமீற்றருக்கும் குறைந்த அந்த எஞ்சின் 120க்கு மேற்பட்ட குதிரை வலுவைத் தந்தது. ஒரு தலைமுறைக்கு முன் 1.6 லீற்றர் எஞ்சினுக்கே அது பெரிய விடயமாக இருந்தது.

பேனையை எடுத்துக் கணக்குப் போடுவோம்

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். கீழே வருபவை உதாரணத்துக்கான எண்கள். உங்கள் காரின் விலையையும் இன்றைய பெற்றோல் விலையையும் போட்டு நீங்களே மாற்றிக் கணக்கிட வேண்டும்.

ஒரு வியாபாரி தனது ஓட்டக் காரை 140 இலட்சத்துக்கு விற்கலாம் என்று எதிர்பார்க்கிறார். 90 இலட்சத்துக்கு ஒரு பாவித்த ஹொட் ஹட்ச் வாங்க நினைக்கிறார். மாதம் 720 கிலோமீற்றர் ஓடுகிறார். பெரிய காருக்கு 120 லீற்றர், சிறிய காருக்கு 60 லீற்றர். மிச்சம் 60 லீற்றர். லீற்றர் 350 ரூபா என்று கொண்டால் மாதம் 21,000 ரூபா, வருடத்துக்கு இரண்டரை இலட்சம்.

பெரும்பாலானோர் இந்த இரண்டரை இலட்சத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் இது சிறிய பணம். பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது. விலை வித்தியாசமான 50 இலட்சம்தான் அது.

அந்த 50 இலட்சமும் முழுதாகக் கைக்கு வராது. அவசரமாக விற்றால் எதிர்பார்த்த விலையில் மூன்று நான்கு இலட்சம் குறையும். தரகு, பெயர் மாற்றம், புதிய காருக்கு டயர், பற்றரி, முதல் சேர்விஸ் என்று இன்னும் நான்கு இலட்சம் போகும். மொத்தம் 8 இலட்சம் ஒழுகிப்போகிறது என்று வைப்போம். மீதி 42 இலட்சம்.

இதைச் சரக்கில் போட்டு வருடத்தில் நான்கு முறை புரட்டி, ஒவ்வொரு முறையும் செலவு போக 4 வீதம் மட்டுமே நின்றாலும் வருடத்துக்கு 6 இலட்சத்து 72 ஆயிரம். எரிபொருளில் இரண்டரை இலட்சம், காப்புறுதியிலும் டயரிலும் ஒரு இலட்சம் மிச்சம் என்று சேர்த்தால் மொத்தம் வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். ஒழுகிப்போன 8 இலட்சத்தைப் பத்து மாதத்துக்குள் மீட்டுவிடலாம். அதன் பிறகு வருவதெல்லாம் நிகர நன்மை.

இப்போது இதே வியாபாரி பாவித்த காரை விட்டு, புதிதாக இறக்குமதியான கார் ஒன்றை 135 இலட்சத்துக்கு எடுக்கிறார் என்று பாருங்கள். விலை வித்தியாசம் 5 இலட்சம், மாற்றும் செலவு 8 இலட்சம். கையிலிருந்து 3 இலட்சம் போட வேண்டும். தொழிலுக்கு ஒரு சதமும் வராது. எரிபொருள், காப்புறுதி, டயர் மூலம் வருடம் மூன்றரை இலட்சம் மிச்சம் பிடித்து, மாற்றிய செலவை மீட்க ஏறத்தாழ இரண்டேகால் வருடம் ஆகும். அதற்குள் புதிய காரின் விலை எவ்வளவு இறங்கும் என்பது தனிக் கணக்கு. ‘சிறிய காருக்கு மாறிவிட்டேன்’ என்ற பெயர் மட்டும் மிஞ்சும், சிக்கனம் மிஞ்சாது.

ஆகவே விதி இதுதான்: லீற்றரை எண்ணுவதற்கு முன் முதலை எண்ணுங்கள். மாற்றத்தால் கணிசமான பணம் விடுபட வேண்டும். விடுபட்ட பணம் அதே வாரத்தில் தொழிலுக்குள் நுழைய வேண்டும், அல்லது இருக்கின்ற கடனை அடைக்க வேண்டும். விடுபட்ட பணம் வீட்டுத் தளபாடமாகவும் கல்யாணச் செலவாகவும் கரைந்துவிட்டால், காரும் போனது, பணமும் போனது என்றாகிவிடும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். சொந்தப் பாவனைக் காருக்கு ஸகாத் இல்லை. அதிலிருந்து விடுபட்ட பணம் விற்பனைச் சரக்காக மாறினால் அது வருடாந்தக் கணக்கில் சேர்ந்து, 2.5 வீதம் கடமையாகும். முதல் உறங்காமல் உழைக்கத் தொடங்கியதன் அடையாளமாக அதைக் கொள்ளலாம்.

சிறிய காருக்கும் வாய் உண்டு

ஹொட் ஹட்ச் மலிவானது என்பது ஓட்டக் காரோடு ஒப்பிடும்போது மட்டும்தான். சாதாரண ஹட்ச்பெக்கோடு ஒப்பிட்டால் அது செலவுக்காரப் பிள்ளைதான். வாங்குவதற்கு முன் பின்வருவனவற்றைக் கட்டாயம் பாருங்கள்.

முதலாவது, பெற்றோல். டர்போ எஞ்சின்களில் பல உயர் ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. ஸ்விப்ட் ஸ்போர்ட்டுக்கு ஜப்பானிலும் உயர் ஒக்டேன்தான் ஊற்றுகிறார்கள். இங்கே அது 95ஐக் குறிக்கும். 92க்கும் 95க்கும் இடையிலான வித்தியாசம் நிலையானதல்ல. 2021 டிசெம்பரில் அது 30 ரூபா, 2022 ஜூனில் 80 ரூபா. 92 ஊற்றி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, டயர். ஸ்விப்ட் ஸ்போர்ட்டுக்கு 17 அங்குல வளையத்தில் தட்டையான டயர் வருகிறது. பக்கச்சுவர் குறைவு என்பதால் குழியில் விழுந்தால் அடி நேரே வளையத்துக்குப் போகும். உள் வீதிகளின் குழிகளையும் வடிகால் மூடிகளையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு அளவு சிறிய வளையமும் தடித்த டயரும் போடலாமா என்று வாங்கும் முன்பே கேட்டறியுங்கள்.

மூன்றாவது, கியர்பெட்டி. ஐரோப்பிய ஹட்ச்பெக் கார்கள் பலவற்றில் இரட்டைக் கிளச் தானியங்கிப் பெட்டி உண்டு. ஓடும் வீதியில் அது அருமையானது. ஊர்ந்து செல்லும் நெரிசலில் கிளச் அடிக்கடி பாதி பிடித்து விடுவதால் சூடேறித் தேய்கிறது. வொக்ஸ்வேகன் நிறுவனம் இத்தகைய பெட்டிகளின் குறைபாட்டுக்காக 2013இல் சீனாவில் மாத்திரம் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. கையால் மாற்றும் கியரில் செலவு குறைவு. ஆனால் காலி வீதியில் இடது காலுக்கு வேலை அதிகம். முழங்கால் நோவுள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

நான்காவது, முன்னைய உரிமையாளர். ஓட்டக் குணமுள்ள காரை வாங்கியவர் அதை மெதுவாக ஓட்டியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எஞ்சினின் கணினி அமைப்பை மாற்றி வலுவைக் கூட்டியிருக்கிறார்களா, டர்போவில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, எண்ணெய் மாற்றிய பதிவுகள் ஒழுங்காக உண்டா என்று நம்பிக்கையான கராஜில் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த காராயின் ஏல அறிக்கையைக் கேளுங்கள். ஓடிய தூரத்தை அதோடு ஒப்பிடுங்கள். கடற்கரை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த காராயின் அடித்தட்டை உயர்த்தித் துருப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தெஹிவளை, வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்புக்கு இரக்கம் காட்டாது.

ஐந்தாவது, உதிரிப்பாகம். வாங்க நினைக்கும் மாதிரியின் பிரேக் தட்டு, கிளச், முன்விளக்கு ஆகிய மூன்றின் விலையை பஞ்சிகாவத்தையில் ஒரு நடை போய் விசாரியுங்கள். கிடைக்கும், ஆனால் வரவழைக்க வேண்டும் என்று மூன்று கடையிலும் சொன்னால், அந்தக் காரை விட்டுவிடுங்கள். வியாபாரியின் கார் மூன்று வாரம் கராஜில் நிற்க முடியாது.

ஓட்டும் சுவை தேவையில்லை, செலவு குறைந்தால் போதும் என்பவர்களுக்கு ஹொட் ஹட்ச்சே தேவையில்லை. பற்றரி நல்ல நிலையிலுள்ள கலப்புக் கார் ஒன்று அவர்களுக்கு இன்னும் இலாபம். கடற்கரைப் புகையிரதம் தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு எல்லாக் காரையும் விட மலிவாகக் கொண்டு போய்ச் சேர்க்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஹொட் ஹட்ச் இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கானது. சிக்கனமும் வேண்டும், ஸ்டியரிங்கைப் பிடிக்கும் ஆசையும் விடவில்லை என்பவருக்கு அது பொருந்தும்.

பத்திரங்களில் கவனம்

விற்கும் கார் லீசிங்கில் இருந்தால், பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயரே இருக்கும். முன்கூட்டி முடிப்பதற்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே விலை பேசுங்கள். வட்டியைத் தவிர்க்க விரும்பி இஜாரா முறையில் எடுத்தவர்களும் இடைநடுவில் முடிக்கும்போது என்ன நிபந்தனை என்பதை உடன்படிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக நிதி வசதி பெறுவதானால், காரின் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கொடுக்கலாம் என்ற எல்லையை மத்திய வங்கி அவ்வப்போது மாற்றுகிறது. நண்பர் போன வருடம் பெற்ற தொகை உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் விற்கும் பழக்கம் எம்மிடையே இன்னும் இருக்கிறது. கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தக் கார் நாளை விபத்தில் சிக்கினாலோ குற்றச் செயலில் பிடிபட்டாலோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் இருக்கும் பெயரைத் தேடித்தான் பொலிஸார் வருவார்கள். வலுவுள்ள காரில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். விற்ற கையோடு திணைக்களத்துக்கு அறிவித்து, பிரதியை வைத்திருங்கள்.

காப்புறுதியில் இரண்டு விடயங்கள். தவணைக் கட்டணம் காரின் சந்தைப் பெறுமதியைத் தழுவியது என்பதால் விலை குறைந்த காருக்கு அது குறைய வேண்டும். குறையாவிட்டால் கேளுங்கள். பல வருடம் நட்டஈடு கோராமல் சேர்த்த கழிவைப் புதிய காருக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். காரில் மாற்றங்கள் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். விபத்தின் பின் அது தெரியவந்தால் நட்டஈடு நின்றுபோகலாம்.

சந்தையில் முகம் எது?

கடைசியாக ஒரு தடை இருக்கிறது. அது கணக்கில் வராது, மனதில்தான் இருக்கும். ‘பெரிய காரில் வந்தவன் சின்னக் காரில் வருகிறான், தொழில் படுத்துவிட்டதோ?’ என்று சந்தையில் பேசுவார்களோ என்ற பயம். கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர் கையை இழுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம். இந்தப் பயத்தால் மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டு பெரிய காரைத் தாங்கி நிற்பவர்கள் உண்டு.

புறக்கோட்டையில் கடன் எப்படி ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலும் மொத்த வியாபாரி ஒருவர் அறுபது நாள் தவணையில் சரக்குக் கொடுப்பது, வாங்குபவர் எதில் வந்து இறங்கினார் என்பதைப் பார்த்தல்ல. போன முறை கொடுத்த காசோலை திகதியில் பாஸானதா என்பதைப் பார்த்துத்தான். ஒரு காசோலை திரும்பினால் அந்தச் செய்தி தெருவின் அடுத்த முனைக்குப் போக அரை மணித்தியாலம் போதும். அதன் பிறகு வாசலில் எந்தக் கார் நின்றாலும் பயனில்லை. 42 இலட்சம் கையிருப்பில் இருப்பவரின் காசோலை திரும்பாது. சிறிய காரில் வந்து திகதிக்கு முன்பே பணம் கட்டுபவருக்கு, அடுத்த தடவை கேட்காமலே கூடுதல் சரக்கு வரும்.

அதனால் இந்த மாற்றத்தைச் செய்ய நினைப்பவர்கள் தொழில் நல்ல நிலையில் இருக்கும்போதே செய்வது நல்லது. இறுக்கம் வந்த பிறகு விற்கப் போனால், வாங்க வருபவர் உங்கள் அவசரத்தை முகத்திலேயே படித்து விலையைக் குறைப்பார். நிதானமாக இரண்டு மாதம் எடுத்து, கேட்ட விலைக்கு விற்று, தேடிப் பார்த்து வாங்குபவருக்குத்தான் மேலே போட்ட கணக்குச் சரிவரும்.

முதலில் ஒரு மாதம் மட்டும் ஒரு சிறு கொப்பியைக் காரில் வையுங்கள். ஊற்றிய லீற்றர், ஓடிய தூரம், கட்டிய தவணை, கராஜ் செலவு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கடையின் கொள்வனவுப் புத்தகத்தை எவ்வளவு ஒழுங்காக எழுதுகிறீர்களோ அதே ஒழுங்கோடு எழுதுங்கள். மாதக் கடைசியில், அந்தக் கார் கடைக்கு ஒரு பங்காளியாக இருந்தால் அதன் பங்குப் பணத்துக்கு என்ன இலாபம் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். விற்பதா வைப்பதா என்பதற்கான பதில் அந்தக் கொப்பியிலேயே இருக்கும்.